கதிரேசனுக்கு, ஹெட்போன் விஷயமாக

யீஷூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கதிரேசா,

உன் குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை வியாழக்கிழமை. மேல்வீட்டில் தரை ஓடு பெயர்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. வீட்டைப் புதிதாக வாங்கியவர்கள். காலை ஒன்பது அடித்தால் டிரில்லும் அடிக்கும். இன்று ஞாயிறு, அதனால் உனக்கு நிதானமாக எழுத முடிகிறது.

முட்டி வலிக்கு நீந்தச் சொல்லிவிட்டார் டாக்டர் என்கிறாய். டிசம்பரில் பெர்த்திலிருந்து வரும்போது விமானத்தில் அந்த இரைச்சல் இல்லாமல் தூங்க வேண்டும் என்கிறாய். இரண்டுக்கும் ஒரே ஹெட்போன் போதாதா என்றும் கேட்கிறாய். போதாதுடா. நான் அந்தப் பரீட்சையை எழுதித் தோற்றவன்.

போன வருஷம் மகள் எனக்கு ஒரு ஜோடி வாங்கித் தந்தாள், காதுக்குள் செருகும் வகை, வெளிச்சத்தத்தை அடக்குவது. முந்நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். தண்ணி பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடையில் சொன்னார்களாம். அதை நம்பி, போட்டுக்கொண்டே குளத்தில் இறங்கினேன். கைப்பேசி கரையில், துண்டுக்கு அடியில். காது முங்கியதும் பாட்டு அறுந்தது. தலையைத் தூக்கினால் வரும், முக்கினால் போகும். நாலைந்து முறைக்குப் பிறகு தூக்கினாலும் வரவில்லை. வலது காதில் மட்டும் கொஞ்ச நேரம் 'கிர்ர்' என்றது, அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். வீட்டுக்காரி அந்த அரிசியையும் கொட்டச் சொன்னதுதான் மிச்சம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தால் ஐபிஎக்ஸ்4 என்று இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு. நாலு என்றால் வியர்வை, தூறல், அவ்வளவுதான். ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். எட்டு அதற்கும் மேலே. எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று செய்தவர்தான் சொல்ல வேண்டும். எல்லாமே நல்ல தண்ணீரில் பார்த்த சோதனை. நீ கடலில் இறங்குகிறவன், உப்பு இந்தக் கணக்கில் சேராது. கரையேறியதும் குழாயில் அலசிவிடு.

பாட்டு ஏன் அறுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைதான். நேற்றைய சாம்பார் அதில் சூடாவது, சாம்பாரில் உள்ள தண்ணீர் அந்த அலையை விழுங்குவதால். குளத்துத் தண்ணீரும் விழுங்கத்தானே செய்யும்? அதனால் நீச்சல் ஹெட்போனில் பாட்டை உள்ளேயே ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது நான் வைத்திருப்பதில் 4 ஜிபி இடம் இருக்கிறது, நம் வயதுக்கு அது ஏராளம். ஆனால் மாதச் சந்தா கட்டிக் கேட்கிற பாட்டெல்லாம் அதில் ஏறாது. எம்பி3 கோப்பாகக் கையில் இருந்தால்தான் உண்டு.

அது காதுக்குள் போவதும் இல்லை. காதுக்கு முன்னால் கன்ன எலும்பின்மேல் உட்கார்ந்து அதிரும். எலும்பு வழியாக எப்படிக் கேட்கும் என்று சிரிக்காதே. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லிப் பார். மண்டைக்குள் கோயில் மணி மாதிரி அடிக்கிறதல்லவா? அதேதான். நீச்சலுக்கான காதடைப்பான் போட்டால் பாட்டு கனத்துக் கேட்கும். போடாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி மெலிந்து, பேச்சு மட்டும் தெளிவாக இருக்கும்.

விமானத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அது காதை மூடிக்கொண்டு, வெளியே மைக் வைத்துச் சத்தத்தைப் பிடித்து, அதற்குத் தலைகீழான அலையை உள்ளே விட்டு இரண்டையும் மோதவிடும். அமர் போஸ், வங்காளி அப்பாவுக்கு அமெரிக்காவில் பிறந்த எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர், 1978-ல் ஸூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது எஞ்சின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியாமல், சீட்டில் உட்கார்ந்தபடியே இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தாராம். விமானிகளுக்கான ஹெட்செட்டாக வெளிவர 1989 ஆகிவிட்டது, நம்மைப் போன்றவர்களுக்கு 2000. எஞ்சின், ஏர்கான், எம்ஆர்டி ரயில் உறுமல் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தை அது நன்றாக விழுங்கும். பின்சீட்டுக் குழந்தையின் அழுகையை அவ்வளவாக விழுங்காது. மேல்வீட்டு டிரில்லிடமும் அது தோற்றுத்தான் போகும்.

இப்போது என் மானம் போன கதை. போன மாதம் காதடைப்பான் போட்டு, பழைய வானொலி நாடகம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நீந்தினேன். நல்ல கட்டம், மாமியார் பெட்டியைத் திறக்கப் போகிறாள். பக்கத்துத் தடங்களில் ஆளே இல்லை, நமக்கு இன்றைக்கு யோகம் என்று நினைத்தேன். திரும்பும்போது ஒரு பலகை தண்ணீரில் படபடவென்று அடிக்கிறது. தலையைத் தூக்கினால் உயிர்காப்பாளர் பையன், முகமெல்லாம் சிவந்து, வானத்தைக் கை காட்டுகிறான். மின்னல் எச்சரிக்கை! விசில் ஊதி எல்லாரையும் ஏற்றிவிட்டு, என் பின்னாலேயே கரையோரம் நடந்து வந்திருக்கிறான். கூரைக்கடியில் துண்டு போர்த்தி நின்ற ஆன்ட்டிகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒரு காதுக்கு மட்டும்தான் அடைப்பான். பாட்டின் சுவை கொஞ்சம் குறைகிறது, குறையட்டும்.

ஆக, முதலில் நீச்சலுக்கானதை வாங்கு. விமானம் ஐந்து மணி நேரம், உன் முட்டி தினமும் கூட வருவது. விமானத்துக்கு வேண்டுமானால் உன் மகனுடையதைக் கடன் கேள். வந்ததும் சேர்ந்து நீந்தப் போவோம். தோ பாயோ குளம் நினைவிருக்கிறதா? 1973 தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்த அதே குளம், நீ ஆழப்பக்கம் இறங்க மாட்டேன் என்று ஏணியைக் கட்டிக்கொண்டு அழுத இடம்.

ஒரு உதவி. எண்பதுகளில் உன் வீட்டு ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நாம் பாட்டு பிடித்தோமே, அந்த கேசட் உன்னிடம்தான் இருக்கிறது. இரண்டாவது பாட்டின் நடுவில் உன் அம்மா "ரசம் ஆறுதுடா, ரெண்டு பேரும் வாங்க" என்று கத்துவார்கள். அதை எம்பி3 ஆக்கி அனுப்பு. கடையில் கொடுத்தால் இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
மணியம்