போனுக்கு வயசாகவில்லை, பேட்டரிக்குத்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புது போன் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேமரா, ஸ்டோரேஜ் எல்லாம் விவரமாக இருந்தது, சரி. ஆனால் கையில் இருக்கிற போனுக்கு என்ன கோளாறு என்று முதலில் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது தெரியாமல் இருபதாயிரம் ரூபாயைத் தண்டமாகக் கொடுக்க இருந்தவன் நான்.

என் போனுக்கு நான்கு வயது. சித்திரை பிறந்ததிலிருந்தே எதைத் தொட்டாலும் திணறியது. ஒருநாள் காட்பாடி ஸ்டேஷனில் டிக்கெட் காட்டத் திறக்கிறேன், 31 சதவீதம் சார்ஜ் இருக்கிறது, அப்படியே அணைந்துவிட்டது. வேலூரில் ஒரு பெரிய கடையில் கொடுத்தால், கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "நாலு வருஷமா? அவ்ளோதான் சார், புதுசு பாருங்க" என்றார்கள். அப்புறம் காட்பாடியில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, போனை மேஜைக் கண்ணாடி மேல் மல்லாக்க வைத்து ஓரத்தில் சுண்டிவிட்டார். பம்பரம் மாதிரி சுற்றியது. "முதுகு உப்பியிருக்குண்ணா, பேட்டரிதான்" என்றார். அரை மணி நேரம், 1,600 ரூபாய். இப்போது அதே போன் வாங்கிய புதிதில் ஓடியதுபோல் ஓடுகிறது.

பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே மறிக்கும் தடை, ஏறுகிறது. கேமராவையோ மேப்பையோ திறக்கும்போது பிராசஸர் ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்க, கிழட்டு பேட்டரியால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிந்து போன் அணைகிறது. அப்படி அணையாமல் இருக்க சில போன்கள் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பழைய ஐபோன்களில் இப்படிச் செய்வதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விட்டதற்கு 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. எனக்குக் கோபம் வருவதும் அந்தச் சொல்லாமல் விட்டதில்தான். காரணம் தெரிந்தால் ஜனங்கள் பேட்டரி மாற்றுவார்கள், தெரியாவிட்டால் தவணையில் புது போன் வாங்குவார்கள்.

நம்மூருக்கு இது இன்னும் முக்கியம். 35 டிகிரிக்கு மேல் சூடு போனால் பேட்டரியின் கொள்ளளவே நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. கத்திரியில் வேலூர் 40ஐத் தாண்டுகிறது, அந்த வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உணவு டெலிவரி செய்கிற பையன்களின் பேட்டரி என்ன பாடுபடும்? அவர்களுக்குப் போன்தான் பிழைப்பு.

ஐபோனில் 2018 மார்ச்சிலிருந்து செட்டிங்ஸிலேயே பேட்டரியின் நிலை சதவீதத்தில் தெரிகிறது. விலை குறைந்த போன்கள் உட்பட எல்லாவற்றிலும் அது கட்டாயம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை முழு சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும், அதைப் பற்றித் தாங்கள் எழுத வேண்டும்.

இன்னொன்று, முதுகு உப்பிய போனை யாரும் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். உள்ளே இருப்பது தீப்பிடிக்கக்கூடியது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்