சீஸும் பிக்கிளும் பொரிக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பதாகவும், அவர்களுக்கு நம்மூர் சீஸ் கர்டும், வெள்ளரிக்காயை டில் இலையோடு உப்புநீரில் ஊறவைத்த டில் பிக்கிளும் பொரித்துப் போடப்போவதாகவும் நீ சொன்னதிலிருந்து உங்க அம்மாவுக்கும் எனக்கும் ஒரே சந்தோஷம். மேடிசனில் வளர்ந்த பெண் ஃபீனிக்ஸ் வெயிலில் உட்கார்ந்து விஸ்கான்சின் பலகாரம் செய்கிறாள் என்று அம்மா எதிர்வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். போனில் அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும். எண்ணெய்ச் சட்டி சம்பந்தப்பட்ட விஷயம் வேறு. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். நீ போனில் கேட்டதெல்லாம் மாவைப் பற்றித்தான். என்ன மாவு, எவ்வளவு மாவு, பீர் ஊற்றலாமா, முட்டை வேண்டுமா என்று. மாவு எப்படியும் சமாளித்துக்கொள்ளும். இந்த இரண்டு பண்டமும் நன்றாக வருவதும் வராமல் போவதும் மாவுக்கு முன்னால் நடக்கிற வேலையில் இருக்கிறது. பிக்கிளில் ஈரம் இருக்கக்கூடாது. சீஸில் குளிர் இருக்க வேண்டும். இது இரண்டையும் பொறுமையாகச் செய்துவிட்டால் உனக்குப் பாதிக்குமேல் வேலை முடிந்துவிட்டது.

சீஸ் கர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உன் நண்பர்கள் கேட்பார்கள், நீ சரியாகச் சொல்ல வேண்டும். பாலில் உறை சேர்த்து, ரென்னட் என்ற நொதியை ஊற்றித் திரளவைத்து, திரண்டதை வெட்டிச் சூடாக்கி, தெளிநீரை வடித்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் திரளைப் பாளம் பாளமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டு இன்னும் நீரை வெளியேற்றுவார்கள். அப்புறம் அதைச் சின்னத் துண்டுகளாக்கி உப்புப் போடுவார்கள். அந்தத் துண்டுகளை அச்சில் போட்டு அழுத்தினால் செடார் கட்டி. அழுத்தாமல் அப்படியே பையில் போட்டு விற்றால் சீஸ் கர்ட். ஆகவே பிறந்து ஒரு நாள்கூட ஆகாத செடார்தான் அது.

புதுக் கர்டைக் கடித்தால் பல்லில் கிறீச் என்று சத்தம் வரும், நினைவிருக்கும். பாலின் புரதமும் கால்சியமும் சேர்ந்து ரப்பர் போல இறுக்கமான ஒரு வலை பின்னியிருக்கிறது. அது பல்லில் உரசும்போது வருகிற சத்தம் அது. ஒன்றிரண்டு நாள் போனால் வலை தளர்ந்து சத்தம் நின்றுவிடும். அதனால்தான் இங்கே அன்றன்றைக்குச் செய்த கர்டைக் குளிர்பெட்டியில் வைக்காமல் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கேப்பிட்டல் என்கிற மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி நடக்கிற உழவர் சந்தையில், 1972-இல் தொடங்கிய சந்தை அது, நீ ஒரு பையை வாங்கி வீடு வருவதற்குள் பாதியைக் காலி பண்ணுவாய். எல்ஸ்வொர்த் என்ற சின்ன ஊரை 1984-இல் விஸ்கான்சினின் கர்ட் தலைநகரம் என்றே கவர்னர் அறிவித்தார். ஒரு தின்பண்டத்துக்கு ஒரு மாநிலம் இவ்வளவு மரியாதை கொடுப்பது எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் யாராவது வருகிறார்களா என்று கேட்டுக்கொள். பழைய முறை ரென்னட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. அதே நொதியை நுண்ணுயிர் மூலம் தயாரிக்க 1990-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இப்போது இந்த நாட்டில் பெரும்பாலான சீஸ் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் பை மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்காதே. உங்க அம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒவ்வொரு பாக்கெட்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்த பிறகுதான் கூடையில் வைப்பாள். அந்தப் பழக்கத்தை விடாதே.

அங்கே புதுக் கர்ட் கிடைப்பது கஷ்டம். கடையில் குளிர்பெட்டியில் இருப்பது பொரிப்பதற்குத் தாராளமாகப் போதும், சூடுபட்டால் சத்தம் எப்படியும் போய்விடும். கர்டே கிடைக்காவிட்டால் குச்சி குச்சியாக விற்கிற ஸ்ட்ரிங் சீஸ் வாங்கி ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டிக்கொள். பல மாதம் பழுக்க வைத்த கூர்மையான செடார் மட்டும் வேண்டாம். அதில் புரத வலை சிதைந்துபோயிருக்கும். சூட்டில் எண்ணெய் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரிந்துவிடும். இளம் சீஸ்தான் இழுத்தால் நூல் நூலாக வரும். பன்னீரைப் பற்றியும் கேட்டாய். சூடான பாலில் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்தது எவ்வளவு சூடானாலும் உருகாது. பன்னீர் பக்கோடா நல்ல பண்டம்தான், ஆனால் சனிக்கிழமைக்கு நீ நினைக்கிறது அது இல்லை.

ஒரு பவுண்டு கர்டுக்கு அளவு சொல்கிறேன். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஃப்ரீசரில் வை. கல்லாக உறையக்கூடாது, நன்றாகச் சில்லிட்டிருந்தால் போதும். உள்ளே இருக்கிற சீஸ் உருகுவதற்கு முன்னால் வெளித்தோல் பொன்னிறமாகிவிட வேண்டும். இந்தப் பலகாரத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். குளிர்ச்சி உனக்கு அந்த ஒரு நிமிடத்தை வாங்கிக் கொடுக்கிறது. சாதாரணச் சூட்டில் இருக்கிற கர்டைப் போட்டால் தோல் இறுகுவதற்குள் உள்ளே இருப்பது ஒழுகி எண்ணெயில் கலந்துவிடும்.

மாவுக்கு ஒரு கப் மைதா, கால் கப் அரிசி மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள். இங்கே கடைகளில் பீர் ஊற்றிக் கரைப்பார்கள். நம் வீட்டில் குளிர்ந்த கிளப் சோடா. இரண்டிலும் வேலை செய்வது அந்தக் குமிழிதான். ஒரு கப் சோடாவை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கட்டும். ரொம்ப நேரம் கலக்காதே, கட்டி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. அதிகம் கலக்கினால் மைதா இழுவை கொடுத்துத் தோல் ரப்பராகிவிடும். அரிசி மாவு சேர்ப்பதும் அதற்காகத்தான், இழுவை குறையும், மொறுமொறுப்புக் கூடும். கர்டை முதலில் வெறும் மைதாவில் புரட்டி உதறிவிட்டு அப்புறம் மாவில் முக்கு. வெறும் சீஸில் மாவு பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

இனி பிக்கிள். பொரித்த பிக்கிள் விஸ்கான்சினுக்கு வெளியிலிருந்து வந்தது. ஆர்கன்சா மாநிலத்தில் அட்கின்ஸ் என்ற ஊரில் பெர்னல் ஆஸ்டின் என்பவர் ஒரு டிரைவ்-இன் கடை வைத்திருந்தார். எதிரே பிக்கிள் தொழிற்சாலை. 1963-இல் அவர் பிக்கிளை வில்லை போட்டு மாவில் தோய்த்துப் பொரித்து விற்க ஆரம்பித்தார். அது தெற்கு முழுவதும் பரவியது. அட்கின்ஸில் வருஷா வருஷம் பிக்கிள் திருவிழாவே நடக்கிறது. எதிரே மலிவாக என்ன கிடைக்கிறதோ அதைச் சட்டியில் போட்டுப் பார்த்த அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வாங்கும்போது இனிப்பு சேர்த்ததை எடுத்துவிடாதே, டில் பிக்கிளாகப் பார்த்து எடு. முழுசாக வாங்கி நீயே வெட்டினால் நல்லது, கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவான கனத்தில். மெல்லியதாக வெட்டினால் மாவு மட்டும்தான் வாயில் படும். தடியாக வெட்டினால் உள்ளே இருக்கிற நீர் கொதித்து மாவைக் கழற்றிவிடும். வெட்டின வில்லைகளைப் பேப்பர் டவலில் பரப்பி, மேலே இன்னொரு டவல் வைத்து அழுத்தி, கால்மணி நேரம் விட்டுவிடு. பேப்பர் நனைந்தால் மாற்றிவிட்டு மறுபடி அழுத்து. அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய். ஈரம் இருந்தால் மாவு ஒட்டாது என்பது ஒரு பக்கம். எண்ணெயில் நீர் பட்டால் தெறிக்கும், அது உன் கையிலும் முகத்திலும் விழும். எனக்கு அதுதான் கவலை.

உலர்ந்த வில்லையை முதலில் மைதாவில் புரட்டு, அப்புறம் கெட்டி மோரில் முக்கு, கடைசியாகச் சரிபாதி மைதாவும் சோளமாவும் கலந்ததில் புரட்டு. இந்தச் சோளமாவு மஞ்சளாக, ரவை மாதிரி கொரகொரப்பாக இருக்கும் கார்ன்மீல். வெள்ளை வெளேரென்று இருக்கும் கார்ன்ஸ்டார்ச் வேறு, மாற்றி வாங்கிவிடாதே. மிளகும் பூண்டுத்தூளும் சேர்க்கலாம். உப்பு போடாதே, பிக்கிளில் இருப்பதே தாராளம். கடையில் இதற்கு முட்டையும் சேர்ப்பார்கள். அம்மாவுக்காக நாம் விட்டுவிட்டோம், அதனால் எந்தக் குறையும் இல்லை.

எண்ணெய்க்குக் கனோலா போதும். கடலை எண்ணெய் நன்றாக வரும், ஆனால் இந்த ஊரில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் நிறைய. விருந்தாளிகளைக் கேட்காமல் ஊற்றாதே. அடி கனமான ஆழப் பாத்திரத்தில் இரண்டு அங்குலம், எப்படியானாலும் பாத்திரத்தில் பாதிக்குக் கீழேதான். சூடு 375 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள், கண்ணு. அம்மா ஒரு சொட்டு மாவு விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள், அடியில் போய் உடனே மேலே வந்தால் சரி என்று. ஆனால் உன் வீட்டு அடுப்பு மின்சாரச் சுருள். அது மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும், கண்ணளவு அதில் ஏமாற்றிவிடும். சூடு கூடிப்போனால் குமிழைத் திருப்புவதோடு நிற்காதே, பாத்திரத்தைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி வை.

ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு துண்டுதான். நிறையப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும், மாவு எண்ணெய் குடிக்கும். முதலில் பிக்கிளைப் பொரித்துவிடு, இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் தூளை அரித்து எடுத்துவிட்டு, சூடு திரும்பின பிறகு சீஸ். இதற்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஏதாவது ஒன்று வெடித்து ஒழுகும். ஏன் சீஸ் கடைசியில் என்றால், ஒரு துண்டு ஒழுகினாலும் எண்ணெய் கெட்டுப்போகும். எடுத்ததைப் பேப்பர் மேல் குவிக்காதே, கம்பி வலைமேல் வை. அடியில் ஆவி தங்கினால் தோல் சொதசொதவென்று ஆகிவிடும்.

இரண்டையும் சேர்த்து ஒன்று வேண்டுமென்றால், எக்ரோல் சுருட்டுகிற மெல்லிய மாவுத் தாளில் ஒரு ஸ்ட்ரிங் சீஸும் நீளமாக வெட்டின பிக்கிளும் வைத்துச் சுருட்டி, ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டிப் பொரி. கொழுப்பும் புளிப்பும் ஒரே கடியில் வரும். நண்பர்கள் அதைத்தான் திரும்பக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

தொட்டுக்கொள்ள ரேஞ்ச். 1950களில் ஸ்டீவ் ஹென்சன் என்பவர் கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா பக்கம் தன் பண்ணை விருந்தினர்களுக்குப் பரிமாறி, அங்கிருந்து நாடு பூராவும் போன சாஸ் அது. மயோனெய்ஸ், சவர் கிரீம், மோர், பூண்டுத்தூள், டில் இலை, மிளகு எல்லாவற்றையும் கலந்து ஒரு மணி நேரம் குளிரில் வை. பாட்டில் வாங்காதே, கலப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு எண்ணெயை வை. இது ஆறினால் சீஸ் இறுகிவிடும், பிக்கிளின் நீர் மாவுக்கு வந்துவிடும். முன்னாடியே செய்து ஓவனில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. நீ அடுப்பிலிருந்து எடுத்து நீட்ட நீட்ட அவர்கள் நின்றுகொண்டே சாப்பிடட்டும். ஆனால் எடுத்த நொடியில் வாயில் போடக்கூடாது என்று சொல்லிவிடு, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே இருக்கிற சீஸ் அண்ணத்தைச் சுட்டுவிடும்.

பாத்திரத்தின் மூடி பக்கத்திலேயே இருக்கட்டும். எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியை மேலே நகர்த்தி மூடு. தண்ணீர் ஊற்றவே கூடாது, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. எண்ணெய் சூடாக இருக்கும்போது போனை எடுக்காதே, நான் கூப்பிட்டாலும் எடுக்காதே. தளர்ந்த கை வைத்த சட்டையும் வேண்டாம். முழுக்க ஆறின எண்ணெயைச் சிங்க்கில் கொட்டாமல் மூடி போட்ட டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடு.

ஐஸ் பை வைத்துக் கர்ட் பார்சல் ஒன்று புதன்கிழமை அனுப்புகிறேன், வியாழன் மாலைக்குள் வந்து சேரும். நாலு பை இருக்கும். வாசலில் வெயிலில் கிடக்கவிடாமல் உடனே உள்ளே எடுத்து வை. மூன்றைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள். நாலாவதை மைக்ரோவேவில் பத்து வினாடி வைத்து எடு, கிறீச் சத்தம் கொஞ்சம் திரும்பி வரும். அதை நீ மட்டும் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா