பர்கர்மைஸ்டரைத் திருத்தாதீங்க: கலைநிகழ்ச்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம்ம தமிழ்ச் சங்கக் கலைநிகழ்ச்சிக் குழு அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நேத்து ராத்திரி 11:45க்கு வாட்ஸ்அப் குரூப்ல நம்ம பிள்ளைங்க போடப்போற சாண்டா நாடகத்தோட நாலாவது ஸ்கிரிப்ட் வந்துச்சு, படிச்சேன், அப்புறம் தூக்கம் வரல. போன சனிக்கிழமை ரிகர்சல்ல யார் கால்ல என்ன விழுந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அதை நான் திரும்ப எழுதல. ஆனா அதுக்காக யோ-யோ சீனை மொத்தமா தூக்கிட்டு, கடைசியில பொம்மையைத் தடை பண்ற வில்லன் மேயர் பர்கர்மைஸ்டர் மண்டி போட்டு "குழந்தைகளே, என்னை மன்னித்துவிடுங்கள்"னு அழுது, சாண்டா வந்து கட்டிப்பிடிச்சு, உடனே எல்லாரும் குத்துப்பாட்டுக்கு ஆடுறதுன்னு முடிச்சிருக்கீங்களே, இது என்ன நியாயம்? தயவுசெஞ்சு பர்கர்மைஸ்டரைத் திருத்தாதீங்க. நான் கேக்குறது இது ஒண்ணுதான்.

நம்ம நாடகத்துக்கு மூலக்கதையான 'சாண்டா கிளாஸ் இஸ் கமின் டு டவுன்' 1970 டிசம்பர்ல அமெரிக்க ஏபிசி டிவியில முதல்ல வந்த பொம்மைப் படம், ஒவ்வொரு ஃபிரேமா பொம்மையை நகத்தி நகத்தி எடுத்தது. இந்த ஊர்ல நம்ம பிள்ளைங்க வருஷா வருஷம் டிசம்பர்ல பாக்குறதுதான், புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுல வர்ற மேயர் பர்கர்மைஸ்டர் மைஸ்டர்பர்கரை நீங்க யாரும் சரியா பாக்கலையோன்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு.

அந்தாளுக்கு உலகத்தை ஆளணும்னு ஆசை கிடையாது, சோகமான சின்ன வயசு கிடையாது, மந்திரம் மாயம் எதுவும் கிடையாது. கீழ கிடந்த பொம்மை வாத்துல காலை வச்சாரு, வழுக்கி விழுந்தாரு, அவ்வளவுதான். எழுந்த உடனே ஊருக்கே சட்டம் போட்டாரு, இனிமே சாம்பர்டவுன்ல பொம்மை வச்சிருந்தா ஜெயில். எனக்குப் பொம்மையைப் புடிக்காது, பொம்மைக்கும் என்னைப் புடிக்காது, ஒண்ணு அதுங்க போகணும் இல்லன்னா நான் போகணும், நான் போறதா இல்லங்கிற மாதிரி ஒரு வசனம் பேசுவாரு, அதுல மொத்த மனுஷனும் தெரிஞ்சிரும். எந்த ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தரைப் பாத்திருப்போம். சொந்தக் கால் இடறினதுக்கு ஊருக்கே அரசாணை போடுற ஆளு. பால் ஃப்ரீஸ்னு ஒரு பெரிய குரல் கலைஞர் பேசியிருக்காரு, டிஸ்னிலேண்ட் பேய் பங்களாவுக்குள்ள போனா நம்மள வரவேற்குதே ஒரு குரல், அதே ஆளு. கோவமும் குழந்தைத்தனமும் ஒரே தொண்டையில இருக்கும்.

இப்ப அந்த யோ-யோ சீன். பொம்மையோட விளையாடின பிள்ளைங்களை அரெஸ்ட் பண்ண வர்றாரு. பின்னாடி சாண்டாவா ஆகப்போற இளவட்டம் கிரிஸ் கிரிங்கிள் பயப்படாம அவர் கையிலயே ஒரு யோ-யோவைக் குடுக்குறான். அவரு வாங்குறாரு, சுத்துறாரு, மூஞ்சி அப்படியே மலந்து போகுது, அஞ்சு வயசுப் பையன் மாதிரி சந்தோஷப்படுறாரு. அப்ப பக்கத்துல நிக்கிற அவரோட கையாள் கிரிம்ஸ்லி மெதுவா ஞாபகப்படுத்துறான், ஐயா, உங்க சட்டத்தை நீங்களே மீறுறீங்கன்னு. அவ்வளவுதான், மூஞ்சி மாறிருது, புடிங்கடா அவனைன்னு கத்துறாரு. மனசு இளகினது கொஞ்ச நேரம், அதையும் சட்டம் முழுங்கிருச்சு. இதே படத்துல வின்டர் வார்லாக்குனு ஒரு பனி மந்திரவாதி, அவனுக்கு ஒரு பொம்மை ரயிலைக் குடுத்ததும் உருகி நல்லவனாயிடுறான். அவன் பொம்மையை வாங்கினா திருந்துறான், இவரு வாங்கினாலும் திருந்தல. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சதுதான் கதை. நீங்க ரெண்டு பேரையும் திருத்திட்டா அப்புறம் வார்லாக் எதுக்கு, அந்த வேஷம் போடுற பையனை வீட்டுக்கு அனுப்பிருங்க.

இன்னொன்னு, இதை யாரும் பேசுறதே இல்ல. இந்தப் படத்துல கிறிஸ்மஸ் வழக்கம் பாதி இவரோட தடையாலதான் பொறக்குது. ராத்திரி கதவு ஜன்னலெல்லாம் பூட்டணும்னாரு, அதனால கிரிஸ் புகைபோக்கி வழியா இறங்குறான். வீடு வீடா சோதனை போடுறாங்கன்னு, அடுப்புப் பக்கத்துல காயப்போட்ட காலுறைக்குள்ள பொம்மையை ஒளிச்சு வைக்கிறான். புடிக்க ஆள் தேடுறாங்கன்னு தாடி வளக்குறான், பேரையும் கிளாஸ்னு மாத்திக்கிறான். புகைபோக்கி, காலுறை, தாடி, பேரு, எல்லாமே ஒரு முட்டாள் சட்டத்துக்குப் போட்ட டிமிக்கி. அந்த மேயர் நல்லவரா இருந்திருந்தா கிரிஸ் வாசல்ல பெல் அடிச்சு பொம்மையைக் குடுத்துட்டுப் போயிருப்பான், தாடியும் இருக்காது ஒரு மண்ணும் இருக்காது.

கடைசியில அவரு திருந்துறாரா? இல்ல. நடுச் சதுக்கத்துல பொம்மையெல்லாம் குவிச்சு, பிள்ளைங்க கண்ணு முன்னாடியே கொளுத்துறாரு. அப்புறம் போகப் போக அந்த மைஸ்டர்பர்கர் வம்சம் செத்து, பதவியும் போயி, ஊர்க்காரங்களுக்கே அது எவ்வளவு கிறுக்குத்தனமான சட்டம்னு புரிஞ்சுதுன்னு கதை சொல்ற தபால்காரர் ரெண்டு வரியில முடிச்சிருவாரு. மன்னிப்பு இல்ல, கட்டிப்பிடி இல்ல. சின்னப் பிள்ளைங்க படத்துலயே இவ்வளவு நேர்மையா சொல்லியிருக்காங்க, நமக்கு என்ன பயம்னு தெரியல.

எங்க வீட்டு நிலைமையையும் சொல்லிடுறேன். மகளுக்கு 9 வயசு, அவதான் பர்கர்மைஸ்டர் வேஷம் போடுறா. 'சட்டவிரோதம்'ங்கிற வார்த்தை அவ வாயில நுழையவே ஒரு வாரம் ஆச்சு, முதல்ல 'சட்ட ரோதம்', அப்புறம் 'சட்டை விரோதம்'. இப்ப காலுல வெள்ளைத் துணியைச் சுத்திக்கிட்டு நாற்காலி மேல நின்னு "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்"னு ஆரம்பிச்சா அவ தாத்தா வீடியோ கால்ல கைதட்டுறாரு. தமிழே வராதுன்னு போன வருஷம் மரமா நிக்க வச்சீங்களே, அதே பிள்ளைதான். ரெண்டு மாசமா கராஜ்ல நின்னு யோ-யோ பழகினா, நடுவிரல்ல கயிறு அறுத்த கோடு இன்னும் சிவப்பா இருக்கு. இன்னைக்குக் காலையில புது ஸ்கிரிப்டைப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. யோ-யோவை எடுத்து ஸ்கூல் பேக் அடியில போட்டுட்டு, "மேடையில யோ-யோ சட்டவிரோதமாப்பா?"ன்னு கேட்டா. சரியா உச்சரிச்சா.

உங்க கஷ்டமும் எனக்குப் புரியுது. ஹால் வாடகை, இன்சூரன்ஸ், நேரம், எல்லாம் இருக்கு. ஆனா நேரம் இல்லன்னு எங்க 8 நிமிஷத்தை 5 ஆக்குனீங்க, செயற்குழு உறுப்பினர்கள் ஆடுற டான்ஸ் மட்டும் 12 நிமிஷமாவே இருக்கு, அதுல யாரும் யார் கால்லயும் விழல போல. ஹாலுக்குள்ள ஓடக்கூடாது, பந்து கூடாது, பலூன் கூடாது, இப்ப யோ-யோ கூடாது, எல்லா மெசேஜும் 'கண்டிப்பாக'ன்னுதான் ஆரம்பிக்குது. ஒருத்தர் கால்ல ஒரு விளையாட்டுச் சாமான் விழுந்ததுக்கு மேடைக்கே தடை போட்ட கதையை நான் எங்கயோ பாத்திருக்கேன்னு சொன்னா கோச்சுக்குவீங்க, அதனால சொல்லல.

மன்னிக்கணும், கொஞ்சம் ஓவரா போயிட்டேன். பணிவா கேக்குறேன், மூணாவது ஸ்கிரிப்டே இருக்கட்டும். யோ-யோவுக்குப் பதிலா ஸ்பாஞ்சுல ஒண்ணு நானே செஞ்சு தர்றேன், யார் கால்ல விழுந்தாலும் தெரியக்கூடத் தெரியாது. முன்வரிசை நாற்காலியை ரெண்டடி பின்னாடி தள்ளுறதா இருந்தாலும் நானே வந்து தள்ளிடுறேன். மன்னிப்பு வசனத்தை மட்டும் எடுத்துருங்க, பர்கர்மைஸ்டரைத் திருத்தாதீங்க. சனிக்கிழமை 3 மணி ரிகர்சலுக்கு முன்னாடி ஒரு பதில் போட்டீங்கன்னா புண்ணியமா போகும், அவகிட்ட சொல்லணும்.

இப்படிக்கு,
பர்கர்மைஸ்டரோட அப்பா

பி.கு.: அண்ணன் கால் வீக்கம் இப்ப எப்படி இருக்கு? அவ தினமும் கேக்குறா.