உமாவுக்கு, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது

தாராவி, மும்பை

அன்புள்ள உமா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. செண்பகம் உண்டாகியிருக்கிறாள் என்ற வரியை மூன்று தடவை படித்தேன். நாம் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை! அதற்குக் கீழேயே, 'பழைய தோல் கரப்பான் திரும்ப வந்திருக்கிறதாம், எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்' என்று எழுதியிருக்கிறாய். எங்கே என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்கும் அங்கேதான் வந்தது.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. போனில் கேட்டபோதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாஸ்டலில் மார்கழி வந்தால் என் கைமடிப்பு வெடித்துக் கிடக்கும், நீ ராத்திரியில் எண்ணெய் தடவிவிடுவாய். அதோடு தொலைந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நாலாம் மாதம், மே மாதப் புழுக்கத்தில், தொடை இடுக்கில் ஆரம்பித்தது. பிறகு பிறப்புறுப்பின் வெளிப்பக்கம், மார்புக்கு அடியில், கடைசியில் இரண்டு காம்பிலும் நீர் கோத்துப் பொருக்குத் தட்டியது. ராத்திரி அரிப்புத் தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். எங்கள் வீடு உனக்குத் தெரியும். கீழே ஒரே அறை, மூலையில் குளிக்கவும் கழுவவும் மோரி, ஏணி ஏறினால் நாங்கள் படுக்கும் இடம். கதவு என்று ஒன்று மோரிக்கு மட்டும்தான், அதுவும் திரைச்சீலை. மாமனார், அத்தை, கொழுந்தன் எல்லாரும் இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து மருந்து பூசுவது? ரயிலில் நின்றால் வியர்வை பட்டு எரியும். மழை ஆரம்பித்த பிறகு உள்ளாடை காயவே காயாது, ஈரத்தோடு உடுத்திக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.

மாதாமாதம் செக்கப்புக்குப் போனேன். பிரஷர் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். 'வேற ஏதாவது பிரச்சினையா?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த 'இல்லை'க்காகத்தான் இன்றும் என் மேல் எனக்கு வருத்தம்.

அதற்குப் பதிலாக ஒரு மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு வாங்கினேன். பூசிய மறுநாளே அடங்கியது. நாலு நாள் கழித்து நிறுத்தினேன், இரண்டு மடங்காகத் திரும்பியது. மறுபடி பூசினேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. பின்னால்தான் தெரிந்தது: ஒரே ட்யூபில் மிக வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. யாரும் என்னிடம் சீட்டுக் கேட்கவில்லை.

ஆறாம் மாதம் நடக்கவே முடியாமல் போனபோதுதான் வாய் திறந்தேன். பெண் டாக்டர்தான். முகம் சுளிக்கவில்லை, திரையை இழுத்துவிட்டு, விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, தோல் டாக்டரிடம் அனுப்பினார். அவர் தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், படர்தாமரையா என்று தெரிந்துகொள்ள. இல்லை. தயிர் மாதிரி வெள்ளை படுகிறதா என்றும் கேட்டார். கர்ப்பத்தில் அந்தப் பூஞ்சைத் தொற்று அதிகம் வருமாம், அதுவும் இதே மாதிரிதான் அரிக்கும். கண்ணால் பார்க்காமல் இது எது என்று யாராலும் சொல்ல முடியாது, செண்பகத்திடம் இதை முதலில் சொல். எனக்கு வந்தது கரப்பான்தான், எக்ஸிமா என்பார்களே அது. கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு பக்கமாகச் சாய்வதால், அடங்கிக் கிடந்த கரப்பான் கிளம்புவதும், இதுவரை இல்லாதவர்களுக்கே புதிதாக வருவதும் சகஜம் என்றார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் எழுதிக்கொடுத்ததும் ஸ்டீராய்டுதான். நான் வேண்டாம் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். வீரியமான களிம்பைக் கர்ப்பகாலம் முழுக்க, மொத்தம் 300 கிராமுக்கு மேல், பூசியவர்களுக்குத்தான் பிள்ளையின் எடை குறைந்ததாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. இது 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன், மெல்லிய தோலுக்கென்றே இருக்கும் லேசான மருந்து. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு அளவு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். காலை, ராத்திரி என்று ஒரு வாரம் பூசிவிட்டு வந்து காட்டச் சொன்னார். அப்புறம் வாசனை இல்லாத வாஸ்லைன், குளித்ததும் ஒத்தித் துடைத்துவிட்டு. சோப்பு அந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். டெட்டால், கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தேன். வேப்பிலைத் தண்ணீரையும்தான். தளர்ந்த பருத்தி உள்ளாடை, துவைத்தபின் இன்னொரு அலசு. பத்து நாளில் தூங்கினேன், உமா. முழு ராத்திரி.

காம்பு விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம், பால் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று. கொடுக்கலாமாம். பால் கொடுத்து முடித்ததும் பூசி, அடுத்த தடவைக்கு முன் மென்மையாகத் துடைத்துவிட வேண்டும். ஒரே ஒரு பக்கம் மட்டும் வந்து மருந்துக்கும் ஆறாமல் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டச் சொன்னார். அது வேறு நோயாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, இதற்குக் கீழே கோடு போட்டுக்கொள். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், அதுவும் ராத்திரியில் கூடினால், அது கரப்பான் இல்லை. ஈரலில் பித்தம் தேங்குவதால் இருக்கலாம், கடைசி மாதங்களில் வரும், பிள்ளைக்கு ஆபத்து. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்ததும் முதலில் என் தட்டில்தான் கை வைத்தார்கள். கத்திரிக்காய், கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம், தொடக்கூடாது என்றார்கள். நானும் தொடவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2தான், ரத்தம் குறைவு. டாக்டர் அத்தையையே கூப்பிட்டு உட்கார வைத்து, சாப்பிட்டதும் கூடுகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிள்ளைக்கு வேண்டும் என்றார். அத்தை பதில் பேசவில்லை. அன்று சாயங்காலம் 90 அடி ரோட்டில் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டு முடித்தபின், என் பக்கத்தில் உட்கார்ந்து, கொழுந்தனைச் சுமந்தபோது தனக்கும் இதே இடத்தில்தான் வந்தது என்றார்கள். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒன்பது மாதமும் யாரிடமும் சொல்லாமல் இருந்தார்களாம். நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது காலையில் நான் மருந்து பூசும் பத்து நிமிஷம், அத்தை ஆண்களை டீக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மழை நாளில் என் உள்ளாடைகளை இஸ்திரி போட்டுக் காயவைப்பதும் அவர்கள்தான்.

முழுசாகப் போகவில்லை, போன வாரம்கூட மார்புக்கு அடியில் கொஞ்சம் கிளம்பியது. இரண்டு நாளில் அடங்கியது.

இந்தக் கடிதத்தைச் செண்பகத்திடமே கொடு. நீ படித்துச் சொல்ல வேண்டாம், அவளே தனியாகப் படிக்கட்டும். டாக்டரிடம் வாய் வரவில்லை என்றால், 'மறைவான இடத்தில் கரப்பான்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டட்டும். கூட நீ போ, அவள் வெளியே இரு என்றால் வெளியே இரு.

என் அம்மா அடுத்த மாதம் நாகர்கோவில் ரயிலில் என் பேறுகாலத்துக்கு வருகிறாள். ஏறும் முன் உன் வீட்டுக்கு வருவாள். சின்ன அத்தான் கடை முறுக்கு கொடுத்துவிட மறக்காதே. முட்டி கொஞ்சம் தேறியதும் உன் அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்.

உன்
கோமதி