எஸ்டிமேட்டில் ஏறாத காலநிலை: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். 2022-இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபோது மாவட்டந்தோறும் ஓர் இயக்கம் அமைத்து, அதன் இயக்குநர் பொறுப்பை உங்களிடம் கொடுத்தது அரசு. மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர் ஆனார். மேலே முதலமைச்சர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, பசுமைக் காலநிலை நிறுவனம் என்று தனி நிறுவனமும் இருக்கிறது. அமைப்புக்குக் குறைவில்லை. நான் எழுத வந்தது உங்கள் மாவட்டத்தில் நாள்தோறும் கையெழுத்தாகிப் போகும் எஸ்டிமேட்டுகளைப் பற்றி.

கட்டுமான வேலைகளின் மதிப்பீடுகளோடு பல ஆண்டுகள் புழங்கியவன் நான். இருப்பது தாமிரபரணியின் கடைமடைப் பக்கம். இந்த இரண்டும்தான் என்னை எழுத வைக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதே 70 சென்டிமீட்டருக்குள்தான். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றுவிட்ட வண்டியில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஏரல் பக்கத்து ஊர்களுக்கு நாள்கணக்கில் போக வழியில்லை. குளங்கள் உடைந்தன.

அவ்வளவு மழையைத் தாங்கும்படி ஒவ்வொரு சிறுபாலத்தையும் கட்ட முடியாது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏன் வடியவில்லை? தூத்துக்குடி நகரத்தில் சில பகுதிகளில் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்ததே, ஏன்? வானத்தை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாத கேள்வி இது. உயர்த்திப் போட்ட சாலை தண்ணீருக்குக் கரையாகிவிடுகிறது. அதன் அடியில் விட்ட குழாய், எப்போதோ ஒரு காலத்து மழையை வைத்துப் போட்ட கணக்கு. வாய்க்காலின் அகலம் வரைபடத்தில் ஒன்று, தரையில் வேறொன்று. இவையெல்லாம் யாரோ வரைந்து, யாரோ சரிபார்த்து, யாரோ ஒப்புதல் கொடுத்த வேலைகள்.

இது தென்கோடிக்கு மட்டும் வந்த கஷ்டமும் அல்ல. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, கடலிலிருந்து வெகுதூரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்கள் அந்த இரவை மறக்கப்போவதில்லை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. புயல் என்றால் கடலோர மாவட்டங்களின் பாடு என்று கிருஷ்ணகிரியில் இனி ஒருவரும் சொல்ல முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரப்பதம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. வங்கக்கடலும் சூடாகிவருகிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காயும். இதைத்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஒரு ஊராட்சிச் சாலையில் சிறுபாலம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இளநிலைப் பொறியாளர் இடத்தைப் பார்க்கிறார். அவரிடம் எல்லா இடத்துக்கும் பொதுவான மாதிரி வரைபடமான டைப் டிசைன் இருக்கிறது, விலை விகிதப் பட்டியல் இருக்கிறது, ஒதுக்கிய தொகை இருக்கிறது. இந்த மூன்றுக்குள் அடங்குகிற ஒரு பாலத்தை எழுதுகிறார். அந்த இடத்தில் 2023-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று ஊர்க்காரர்கள் கைகாட்டிச் சொல்லுவார்கள். அவருக்கும் அது புரியும். ஆனால் எஸ்டிமேட்டில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. பாலத்தின் அடியில் தண்ணீர் போகும் கண் ஒன்று போதும் என்கிற இடத்தில் அவர் இரண்டு கண் வைத்தால், தணிக்கையில் முதல் கேள்வி அவருக்குத்தான் வரும்: வழக்கத்தைவிட ஏன் கூடுதல் செலவு? அதற்குக் காட்ட அவர் கையில் ஓர் உத்தரவு கிடையாது. பிறகு எந்தப் பொறியாளர் துணிவார்? பழைய அளவிலேயே எழுதிவிட்டுப் போவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. பாலம் அடித்துக்கொண்டு போனால் அது பேரிடர், பெரிதாகக் கட்டினால் அது தணிக்கைத் தடை.

நான் கேட்க வந்தது இதைத்தான். அந்த உத்தரவை நீங்கள் கொடுங்கள். மாவட்டத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும், அது ஊரக வளர்ச்சி ஆனாலும் நெடுஞ்சாலை ஆனாலும் நகராட்சி ஆனாலும், ஒரு பக்கம் கூடுதலாக இருக்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கடைசிப் பெருவெள்ளத்தில் அந்த இடத்தில் எவ்வளவு உயரம் நின்றது, இந்த வேலையால் யார் வயலில் அல்லது யார் வீட்டில் தண்ணீர் ஏறும், வெயிலுக்கு என்ன ஏற்பாடு. அந்தப் பக்கம் நிரம்பாத எஸ்டிமேட்டுக்கு நிர்வாக அனுமதி கிடையாது என்று சொல்லுங்கள். எல்லா இடத்திலும் பெரிய பாலம் தேவைப்படாது. சில இடங்களில் தெரிந்தே தண்ணீர் மேலே ஓட விடுகிற தரைப்பாலம் மலிவாகவும் நல்லதாகவும் இருக்கும். சில இடங்களில் சாலையை உயர்த்தாமல் இருப்பதே போதும். ஆனால் யோசித்து எடுத்த முடிவு என்று காகிதத்தில் இருக்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்டால், தமிழ்நாடு இதை ஏற்கெனவே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம் என்று சட்டம் வந்தது. மழைநீர் நல்லது என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்ததால் மட்டும் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் இறங்கவில்லை. கட்டட வரைபட அனுமதி என்கிற, எல்லோரும் வந்தே ஆக வேண்டிய மேசையில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால் இறங்கியது. சென்னையில் நிலத்தடி நீர் ஏறியது. அப்புறம் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டினதைப் பார்த்துக்கொள்ள யாரையும் பொறுப்பாக்கவில்லை. குழிகள் தூர்ந்தன. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தது. அனுமதி மேசையில் வைத்தால் வேலை நடக்கும், பராமரிப்பை விட்டால் நடந்த வேலையும் வீணாகும் என்ற இரண்டு பாடமும் நம் கையிலேயே இருக்கின்றன.

வன அலுவலரைக் காலநிலை அலுவலராக வைத்ததில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. நீர்வளத் துறையின் செயற்பொறியாளரிடம் போய் இந்த மதகை இப்படிக் கட்டாதீர்கள் என்று சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதனால் காலநிலை என்றாலே மரக்கன்று, விழிப்புணர்வுப் பேரணி, பள்ளிகளில் ஓவியப் போட்டி என்று சுருங்கிவிடுகிறது. எல்லாத் துறையையும் ஒரே அறையில் உட்கார வைக்க முடிந்தவர் மாவட்டத்தில் நீங்கள் ஒருவர்தான். மாவட்ட இயக்கக் கூட்டத்தில் எத்தனை கன்று நட்டோம் என்பதோடு, எத்தனை எஸ்டிமேட் திருப்பி அனுப்பினோம் என்றும் ஒரு கணக்கு வரட்டும்.

மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவோம் என்று பசுமை இயக்கம் நடக்கிறது. இன்னொரு பக்கம் சாலை அகலப்படுத்த, நூறு வயதைத் தொடும் புளியமரங்கள் சாய்கின்றன. இரண்டும் அரசுப் பணத்தில் நடக்கின்றன. சாலை எஸ்டிமேட்டில் மரம் வெட்டும் கூலி இருக்கிறது. அந்த நிழல் போவதால் வரும் இழப்பு எந்த வரியிலும் இல்லை. பனைமரத்தை வெட்ட உங்கள் அனுமதி வேண்டும் என்று அரசு வைத்திருக்கிறது. பொது இடத்து மரங்களுக்கு உங்கள் தலைமையிலேயே மாவட்டப் பசுமைக் குழுவும் இருக்கிறது. வெட்டும் முடிவை எடுத்த பிறகு அந்தக் குழுவுக்கு வருவதை விட்டு, சாலையின் தடம் வரையும்போதே கேட்டால் பாதி மரம் தப்பும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் தமிழ்நாடு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்கிறேன். ஆனால் அங்கன்வாடிக்குத் தகரக் கூரையோ, நிழலே விழாத திறந்தவெளியில் பேருந்து நிறுத்தமோ எழுதும் எஸ்டிமேட் அப்படியே இருக்கிறது. அகமதாபாத் மாநகராட்சி 2010-இல் வெப்பத்தால் பட்ட அடிக்குப் பிறகு 2013-இலேயே வெப்பச் செயல்திட்டம் போட்டது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. கூரைக்கு வெள்ளை அடிப்பது பெரிய விஞ்ஞானம் அல்ல. மூன்று வயதுப் பிள்ளைகள் மே மாத மதியத்தில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பணம் எங்கே என்று நிதிப் பிரிவில் கேட்பார்கள். பேரிடர் நிவாரண நிதி அவசர உதவிக்கும் உடைந்ததை உடனடியாகச் சரிசெய்யவும்தான். ஆனால் 15-ஆவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்புக்கென்றே, அதாவது வருமுன் காப்பதற்கென்றே பிரித்து வைத்தது. அதைக் கேட்டு வாங்க மாவட்டத்திலிருந்து உருப்படியான திட்டம் போக வேண்டும். ஒடிசா 2020-21 முதல் காலநிலைக் கண்ணோட்டத்தில் தன் பட்ஜெட்டைப் பிரித்துக் காட்டுகிறது. மும்பை மாநகராட்சி 2024-இல் காலநிலை பட்ஜெட் வெளியிட்டது. மாவட்ட அளவில் அவ்வளவு பெரிய புத்தகம் வேண்டாம். ஒரே சிறுபாலத்துக்கு எத்தனை முறை செலவழித்தோம் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பணம் எங்கே போகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

உமிழ்வைக் குறைப்பதை நான் இங்கே அதிகம் தொடவில்லை. அனல்மின் நிலையம், காற்றாலை, மின்சாரப் பேருந்து என்பவற்றின் பெரிய முடிவுகள் சென்னையிலும் டெல்லியிலும் எடுக்கப்படுகின்றன. அங்கே கேட்க வேண்டியதை அங்கே கேட்போம். உங்கள் மேசையில் முடியக்கூடியதை உங்களிடம் கேட்கிறேன்.

வெள்ளத்தின் உயரம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று பொறியாளர்கள் கேட்பார்கள். ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அந்தக் கறை தெரிந்தது. வெள்ளை அடிக்க அடிக்க அது மறைந்துகொண்டே வருகிறது. குளத்தின் உபரிநீர் வழிந்தோடும் மறுகால்களில் எது முதலில் போகும், எந்தக் கரையில் எந்த இடம் மெலிசு, எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் நுழையும் என்று மடை பார்க்கிறவர் சொல்லிவிடுவார். அந்த அறிவு எந்த எஸ்டிமேட்டிலும் ஏறுவதில்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று. அடுத்து வரும் மார்ச் 22 கிராம சபையில், அந்த ஊரில் பார்த்த பெருவெள்ளத்தின் உயரத்தையும் தண்ணீர் போன வழியையும் மக்கள் சொல்லச் சொல்லக் குறித்து, தீர்மானமாக நிறைவேற்றும்படி சுற்றறிக்கை அனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் அந்தக் குறிகளைப் பள்ளிச் சுவரிலோ ஊராட்சி அலுவலகத்திலோ அழியாத வண்ணத்தில் போடட்டும். ஏப்ரலுக்குள் அந்தத் தீர்மானங்களின் நகல் ஒவ்வொரு உதவிச் செயற்பொறியாளரின் மேசைக்கும் போகட்டும். அதற்குப் பிறகு எழுதும் எஸ்டிமேட்டுகளில் அந்தக் கூடுதல் பக்கம் இருக்க வேண்டும் என்ற உத்தரவு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே உங்கள் கையெழுத்தோடு வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கடைமடையிலிருந்து ஒரு குடிமகன்