நாளமில்லாச் சுரப்பியின் நாளம்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழனன்று கிடைத்தது. பேத்தியின் கழுத்துக் கட்டியோடு நாவடி எலும்பின் நடுத்துண்டையும் எடுத்துவிட்டார்களே, அது தேவைதானா என்று வருந்தியிருந்தாய். தேவைதான்.

நாளம் என்னும் குழாய் இல்லாமல் ஹார்மோனை நேரே இரத்தத்தில் விடுபவை 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று பள்ளியில் படித்தோமல்லவா? கழுத்திலுள்ள தைராய்டைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பாதி உண்மை. கருவின் நான்காம் வாரத்தில், நாக்கின் அடிப்பகுதி அமையவிருக்கும் இடத்தில் தடித்துக் கிளம்பும், தைராய்டாகப் போகும் செல்திரள், கழுத்தின் வழியே இறங்கி ஏழாம் வாரவாக்கில் மூச்சுக்குழாயின் முன்புறத்தை அடைகிறது. அதுவரை மெல்லிய குழாய் ஒன்று அதை நாக்கோடு பிணைத்து வைத்திருக்கும். பிறகு அக்குழாய் தேய்ந்து மறைந்துவிடும். அது தொடங்கிய இடம் மட்டும் நாக்கின் பின்புறத்தில் சிறு குழியாக எஞ்சும். உன் பேத்திக்குக் குழாயின் ஒரு பகுதி மறையாமல் நின்று நீர் கோத்துக்கொண்டது. நாக்கை நீட்டியபோது கட்டி மேலேறியதாக எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். குழாய் நாவடி எலும்பை ஒட்டியே இறங்குவதால், கட்டியை மட்டும் எடுத்தால் மிச்சத்திலிருந்து அது மீண்டும் வரக்கூடும். எலும்பின் நடுப்பகுதியையும் நாக்கடி வரையுள்ள தடத்தையும் சேர்த்து நீக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் சிஸ்ட்ரங்க் 1920இல் விவரித்தார். இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்ததும், மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் நாம் அங்கே பேரம் பேசி வாங்கிய நுண்ணோக்கியைத் துடைத்து, தைராய்டுத் திசுவின் மெல்லிய சீவல் பதித்த கண்ணாடி வில்லையொன்றை வைத்துப் பார்த்தேன். ஒற்றை அடுக்குச் செல்கள் சூழ்ந்த வட்ட வட்டமான நுண்ணறைகள், உள்ளே இளஞ்சிவப்பாகச் சாயமேறிய பாகு. மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் ஹார்மோனைச் சேமித்தாலும் செல்லுக்குள்ளேயே வைத்திருக்க, தைராய்டு மட்டும் பல வாரங்களுக்குப் போதுமானதைச் செல்லுக்கு வெளியே, இந்தப் பாகில் சேமிக்கிறது. சுரப்பி மும்முரமாக இயங்கும்போது செல்கள் உயர்ந்து நிற்கும், பாகின் ஓரம் அரித்தாற்போலத் தெரியும். ஓய்ந்திருக்கையில் செல்கள் தட்டையாகிவிடும். நாளமுள்ள சுரப்பியைப் போலவே முதலில் நுண்ணறையின் உள்ளிடத்தில் சுரந்து, பின்னர் அதைத் திரும்ப உறிஞ்சி இரத்தத்தில் விடுகிறதே, குழாய் போன பின்னும் பழைய பழக்கம் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லா நாளமில்லாச் சுரப்பிகளும் இப்படிக் குழாயோடு பிறந்தவைதான் என்று எண்ணிவிடாதே. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி நரம்புச் செல்களோடு பிறந்து இடம்பெயர்ந்து வந்தது. அதைச் சூழ்ந்த புறணியோ கருவின் வேறு அடுக்கிலிருந்து உருவானது. ஒரே உறைக்குள் இரண்டு சுரப்பிகள் குடியிருக்கின்றன என்று சொன்னாலும் தகும்.

ஆய்வக அறிக்கையில், கட்டியின் சுவரில் சில தைராய்டு நுண்ணறைகள் காணப்பட்டதாக மட்டும் எழுதியிருந்தால் அஞ்சாதே. அவை இறங்கும் வழியில் தங்கிவிட்டவை. வேறு ஏதேனும் குறிப்பிட்டிருந்தால் உடனே எனக்கு எழுது. பொங்கலுக்கு வரும்போது குழந்தையையும் அழைத்து வா. வில்லையை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்