உன் சைக்கிளால் வந்த வினை

நிஷி-கசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

டேய் மணி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறானே, கடன் கேட்கப் போகிறானோ என்று பயப்படாதே. ஒரு கையெழுத்துதான் கேட்கப் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உமா கீதாவிடம் சொன்னாளாம். நான் போன் பண்ணாதது தப்புதான்; திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். செல்வா என்று இவர்கள் வாயில் நுழையவில்லை, ஆபீசில் நான் இன்னமும் 'செருபா சான்'தான். சிரித்து முடித்துவிட்டாயா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஊருக்குக் கிளம்பும்போது ஆதி தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அந்தப் பச்சை சைக்கிள். போன சனிக்கிழமை அதனால் நானும் அவனும் நடுரோட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம்.

ஆதிக்கு இப்போது என் உயரம். அவன் உன் சைக்கிளில், அவனோடு படிக்கும் கென்தா தன் சைக்கிளில், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான். ஆற்றைத் தாண்டி எங்கேயோ ராமென் சாப்பிடப் போகலாம் என்று பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்கிற நேரம். ஒரு சிக்னலில் இரண்டு போலீஸ்காரர்கள், 'சொத்தோ ஈ தெஸ் கா', கொஞ்சம் நிற்கலாமா என்று ஆரம்பித்தார்கள். உனக்குத் தெரியாததா? நீ இருந்தபோது வருடத்துக்கு இரண்டு தரமாவது மாட்டுவாய். உன் தாடிதான் காரணம் என்று எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன். நான் தாடி வைக்கவில்லை, ஆனாலும் மாட்டினேன். அந்தக் கிண்டலை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

என்னுடைய ஸைரியூ கார்டை, அதாவது நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குத் தரும் குடியிருப்பு அட்டையை, வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஆதியிடம் வயது கேட்டார்கள். பதினைந்து. அப்புறம் சைக்கிளில் ஒட்டியிருக்கும் பதிவு ஸ்டிக்கர் நம்பரை வாக்கி-டாக்கியில் படித்தார்கள். அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: 'சுபுராமானியான்.' உன் பெயர்தான். நீ பதிவை மாற்றாமலே போயிருக்கிறாய், மகாராசா.

யாருடைய சைக்கிள் என்று ஆதியைக் கேட்டார்கள். அவன் 'ஓஜிசான் கொடுத்தது' என்றான். மணி மாமா கொடுத்ததை வேறு எப்படிச் சொல்வான்? அதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். நான் 'தொமொதாச்சி' என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் மாமா என்கிறான், அப்பன் நண்பன் என்கிறான்! உடனே தனித்தனியாக விசாரணை. அம்மாவுக்கு அண்ணனா, அப்பாவுக்குத் தம்பியா, குடும்பப் பெயர் ஏன் வேறு, அவர் இப்போது எங்கே. கோயம்புத்தூரில் என்றேன். அதை எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்பாவின் சிநேகிதனும் மாமாதான் என்று என் ஓட்டை ஜப்பானீஸில் விளக்கிப் பாரேன்! பத்து நிமிடம் அதற்கே போயிற்று.

இது வரைக்கும் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். கீதாவிடமும் இவ்வளவுதான் சொன்னேன்.

நிறுத்திய உடனேயே கென்தாவைப் பார்த்து, 'நீ போகலாம்' என்றார்கள். அவனுடைய சைக்கிள் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. பாவம், அவன் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பார்ப்பது மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். அந்த நடிப்பைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. ஆதியிடம் ஒருவர் 'உன் ஜப்பானிய மொழி அருமை' என்று பாராட்டினார். அவன் நாங்கள் இருக்கும் இதே எதொகாவா வட்டாரத்தில் பிறந்தவன். 'நன்றி' என்று மட்டும் சொன்னான்.

கடைசியில் இருவரும் குனிந்து, ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னார்கள். காலேஜ் நாட்களில் செகண்ட் ஷோ முடிந்து டிரிபிள்ஸ் வந்தபோது ஏட்டய்யா விட்ட டோஸ் எவ்வளவோ தேவலை. திட்டினால் நாமும் வீட்டுக்கு வந்து திட்டலாம். குனிந்து கும்பிடுகிறவரை என்ன சொல்வது?

திரும்பும் வழியில் ஆதி ஒரே ஒரு கேள்வி கேட்டான். 'கென்தாவை மட்டும் ஏன் போகச் சொன்னாங்க?' சைக்கிள் பதிவுதான் காரணம் என்றேன். 'அது நம்மை நிறுத்தின அப்புறம்தானே தெரிஞ்சது' என்றான். உன்னிடம் வளர்ந்த பிள்ளை, வக்கீல் மாதிரி மடக்குகிறான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். இத்தனை வருடம் இருந்தோமே, நீயும் நானும் ஒரு நாளாவது படித்திருக்கிறோமா? 1948-இல் வந்த சட்டம்தான். சந்தேகப்படக் காரணம் இருந்தால் போலீஸ் நிறுத்திக் கேட்கலாம். ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஜப்பானியர் 'எனக்கு நேரமில்லை' என்று நகரப் பார்க்கலாம். நமக்குத்தான் அந்தக் கார்டு இருக்கிறதே. போலீஸ் கேட்டால் காட்டியாக வேண்டும். கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம், காட்ட மறுத்தால் ஒரு வருடம் வரை சிறைகூட உண்டு. பேச்சுக்குக் கட்டாயமில்லை, கார்டுக்குக் கட்டாயம் உண்டு! மூன்று பேர் இதை எதிர்த்து டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள், 2024 ஜனவரியில். தோற்றத்தை வைத்து நிறுத்துகிறார்கள் என்று ஆளுக்கு 30 லட்சம் யென் கேட்டு வழக்கு. அதில் ஒருவர் பாகிஸ்தானில் பிறந்து ஜப்பான் குடியுரிமையே வாங்கியவர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று நானும் கீதாவும் மூன்று வருடமாக அரைத்துக்கொண்டிருக்கும் மாவு உனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை நெற்றியிலா ஒட்டிக்கொள்ள முடியும்?

ஆபீசில் தக்காஹாஷியிடம் சொன்னேன். 'என்னையும் ராத்திரி சைக்கிளில் போனால் நிறுத்துவார்கள்' என்றார். பொய் சொல்லவில்லை. இங்கே திருடு போகிற ஒரே பொருள் சைக்கிளும் குடையும்தான் என்று நீயே சொல்வாய். ஆனாலும் அந்தச் சிக்னலில் மூன்று சைக்கிள் நின்றது மணி, மூன்று.

அடுத்த மாதம் ஆதிக்குப் பதினாறு. அதற்குப் பிறகுதான் கார்டை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். இதை அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாள் யோசித்தேன். வியாழக்கிழமை அவன் போனை சார்ஜில் போட எடுத்தபோது பார்த்தேன். உறைக்குள், பின்பக்கம், கார்டு ஏற்கெனவே இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. நீயாக இருந்தால் கேட்டிருப்பாயா? ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. உன்னிடம் என்றால் வாயைத் திறப்பான்.

இத்துடன் சைக்கிளை மாற்றிக் கொடுப்பதற்கான பாரம் வைத்திருக்கிறேன். பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில், பதிவில் இருக்கிறபடியே எழுது. பழைய அடையாள அட்டை நகல் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. புதுப் பதிவுக்கான 660 யென்னை நானே அழுதுவிடுகிறேன், உனக்குக் கடன் வேண்டாம். வாங்கியவரோடு உறவு என்ன என்று கேட்டாலும் கேட்பார்கள். 'நண்பர்' என்று போடு. மாமா கீமா என்று எழுதித் தொலைத்துவிடாதே.

செருபா